சித்திரை வெயிலும் சினைப் பாம்பும்

என்னிடம் இருப்பது அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக். (நம்மூர்ச் சாரையையோ மலைப்பாம்பையோ வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆசையே வேண்டாம்.) பங்குனியில் ஆணோடு சேர்த்திருந்தேன். ஈரோட்டில் சித்திரை வெயில் ஏறியதும் எலியைத் தொடாமல், நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தது. வயிற்றின் பின்பாதி புடைத்திருந்தது. "ஏஞ்சாமி, பாம்புகூட முழுகாம இருக்குமா?" என்று அம்மாயி சிரித்தார்.

சினையில் தீனி மறுப்பது சகஜம். தண்ணீரில் கிடந்ததுதான் உறுத்தியது. பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்தேன்: மதியம் 36 டிகிரி. குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னதை நம்பி அடியில் சூடேற்றும் ஹீட் மேட் வேறு ஓடிக்கொண்டிருந்தது. என் புத்தியைச் சொல்ல வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை மாடியிலிருந்து அம்மாயியின் ஓட்டு வீட்டுக்கு மாற்றினேன். பக்கத்தில் ஈரச்சாக்கு சுற்றிய மண்பானை. ஒரு முனை 29, மறுமுனை 26 என்று இறங்கியது. அன்றிரவே கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

அப்புறம் முட்டையிட இடம். ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவை நனைத்துப் போட்டேன். முதல் தடவை ஈரம் அதிகம். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. பிழிந்தால் சொட்டக்கூடாது, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அதுதான் பதம். சட்டை உரித்த பத்தாம் நாள் உள்ளே போய் 14 முட்டை இட்டது.

முட்டையை உருட்டக்கூடாது. மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அதே வாக்கில் வேறு டப்பாவுக்கு மாற்றினேன். 28 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதம். இரண்டு பூஞ்சை பிடித்துப் போயின. மீதி ஆடியில் ஓட்டைக் கீறிக்கொண்டு தலை நீட்டின.