கிராம சபையில் பஸ் கேட்கப் போகும் முன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குமேல் சுற்றுவட்ட ஊர்களுக்குப் பஸ் கேட்டால், "ஏற ஆளில்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை எண்ணிக்கையால்தான் மறுக்க முடியும்.

ஊர் நிறுத்தத்தில் ஏறி இறங்குபவர்களை மூன்று நாள் எண்ணுங்கள்: திங்கள், புதன், சம்பள நாளான சனி. காலை 6–10, மாலை 5–10. திசைக்கு ஒருவர் என இரண்டு பேர் போதும். கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டு, பஸ் வரவேண்டிய நேரம், வந்த நேரம், ஏறியவர், இறங்கியவர், இடமில்லாமல் ஏற முடியாமல் நின்றுவிட்டவர் என்று தனித்தனியாக எழுதுங்கள். காத்திருப்பவரை எண்ணினால் ஒரே ஆள் இரண்டு கட்டத்தில் விழுவார். ஏறுபவரை ஏறும்போது மட்டும் எண்ணுங்கள். பள்ளி விடுமுறை, ஆடிப்பெருக்கு, நோம்பி நாட்கள் ஆகாது.

ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி வேனிலும் வந்து இறங்குபவர்களை விட்டுவிடாதீர்கள். பஸ் இல்லாத நேரத்தின் தேவை அவர்களிடம்தான் இருக்கிறது. "பஸ் விட்டா வருவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அது கணக்குக்கு உதவாது. "நேத்து எத்தனை மணிக்கு, எதுல வந்தீங்க, எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேளுங்கள். "எல்லார் வீட்லயும் வண்டி இருக்குதுங்களே" என்று சபையில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். பஸ் இல்லாததால் கடன்பட்டு வாங்கிய வண்டியை, பஸ் வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக்குவது நியாயமில்லை. அதற்கும் இந்தக் கணக்குதான் பதில்.

கேட்பதையும் கணக்குப் பார்த்துக் கேளுங்கள். 18 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்தில் ஓடி, இரு முனையிலும் பத்து நிமிடம் நின்றால், போய்வர 110 நிமிடம். ஒரு பஸ்ஸை வைத்து மணிக்கு ஒரு நடை விட முடியாது. ஏற்கெனவே பக்கத்து ஊர்வரை வரும் டவுன் பஸ்ஸின் கடைசி நடையை நீட்டச் சொல்வது எளிதில் நடக்கும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) 100 பேர்; 10,000 வரை 200. ஷிப்ட் போகும் பெண்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். "பஸ் வசதி வேண்டும்" என்று மொட்டையாகத் தீர்மானம் எழுதினால் கோப்பிலேயே கிடக்கும். புறப்படும் இடம், நேரம், எந்தெந்த நாள், எண்ணிக்கை எல்லாம் தீர்மானத்துக்குள்ளேயே வரவேண்டும். புத்தகத்தில் ஏறியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கலையுங்கள். நகலை வாங்கி, ஒன்றை அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடமும், இன்னொன்றை திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.