‘அஃப்ரே’ என்ற சொல்லில் நாம் விடும் பிழைகள்

லண்டனில் யாரோ ஒருவருடைய மகன்மேல் ‘அஃப்ரே’ (affray, மற்றவரைப் பயமுறுத்தும் சண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டச்சொல்) வழக்காம் என்று செய்தி வந்தால் யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்பது, “ஆருக்கு அடிச்சவன்?” பிழை அங்கேயே தொடங்குகிறது. இது அடி வாங்கியவரைத் தேடும் குற்றம் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தனக்கும் ஏதும் நடந்துவிடுமோ என்று பயம் வருமா என்பதே கேள்வி.

அந்தப் பயம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘எஃப்ரேயர்’ என்றால் பயமுறுத்துவது. இன்னும் பின்னே போனால் பேச்சு லத்தீனின் ‘எக்ஸ்ஃப்ரிடாரே’. ‘எக்ஸ்’ என்பது வெளியே; ‘ஃப்ரிட்’ என்பது அமைதி, அது ஜெர்மானியச் சொல். ஜெர்மன்காரர் இன்றும் சமாதானத்தை ‘ஃப்ரீடே’ என்றுதான் சொல்கிறார்கள். ஆக, ஒருவரை அமைதிக்கு வெளியே இழுத்துப் போடுவது. பள்ளிப்பிள்ளைகள் சொல்லும் ‘அஃப்ரெய்ட்’ இதே வினையிலிருந்து வந்தது. சண்டையைக் குறிக்கும் ‘ஃப்ரே’ இதன் சுருக்கம். ஆனால் துணி நைந்து நூல் பிரிவதற்குச் சொல்லும் ‘ஃப்ரே’ வேறு குடும்பம். அது தேய்த்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது. இரண்டையும் முடிந்துவிடாதீர்கள்.

அடுத்தது, இரண்டு நாட்டுச் சட்டங்களைக் கலப்பது. 1883 இல் வந்த நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைப்படி குறைந்தது இரண்டு பேர், பொது இடத்தில், சண்டை பிடித்து, பொது அமைதி குலையவேண்டும். பஸ் நிலையத்தில் மாறி மாறி அடித்தால் பொருந்தும், வீட்டு வளவுக்குள் பொருந்தாது. ஒருவர் அடிக்க மற்றவர் வாங்கிக்கொண்டு மட்டும் நின்றால் அது தாக்குதல். இங்கிலாந்தில் 1986 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் தரும் விளக்கம் வேறு. அங்கே தனி ஆளே செய்யலாம், வீட்டுக்குள்ளும் செய்யலாம், 3 ஆண்டு வரை சிறை. மிரட்டலும் சேர்த்திதான், வாயால் மட்டும் மிரட்டினால் போதாது. பயந்தவர் யாரும் அங்கே நின்றிருக்கவும் தேவையில்லை. திடமனதுள்ள ஒருவர் நின்றிருந்தால் பயந்திருப்பாரா என்று பார்ப்பார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘கலவரம்’ வேண்டாம், நமக்குக் கலவரம் என்றால் 1983. ‘கைகலப்பு’ கிட்ட வரும். ஊர்ப்பேச்சின் ‘அடிபாடு’ இன்னும் நன்றாகப் பொருந்தும், ஆனால் ஊருக்குள் மட்டும். “பெடியள் சந்தியிலை அடிபட்டவங்கள்” என்று சென்னை நண்பருக்கு எழுதினால், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்.