நாலு மணிக்கு எழ வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும்

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, வெந்நீர் குடித்து, தியானம் செய்து, ஜிம்முக்குப் போய், அப்புறம் டைரியும் எழுதச் சொல்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முயன்று மூன்றாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்கள் சென்னையில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்த வீடியோக்களில் யாரும் மோட்டார் போடுவதில்லை, யார் வீட்டு அடுப்பிலும் பால் பொங்கி வழிவதில்லை, ஸ்கூல் வேன் வந்து ஹார்ன் அடிப்பதும் இல்லை. இதெல்லாம் இருக்கிற வீட்டில் எழும் நேரத்தைவிட வேலைகளின் வரிசை முக்கியம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீடு உங்களைத் தேட ஆரம்பிப்பது எத்தனை மணிக்கு? குழந்தை எழுவது, பெரியவர்களுக்குக் காபி, வேலை செய்யும் அக்கா வருவது, இதில் எது முதலில் வருகிறதோ அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்தால் போதும். ஆறரைக்கு என்றால் ஐந்தே முக்கால். அங்கிருந்து 7 மணி நேரம் பின்னால் எண்ணினால் இரவு பத்தே முக்காலுக்குக் கண் மூடியிருக்க வேண்டும். வயது வந்த எவருக்கும் 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்றுதான் தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதில் கைவைத்துக் காலையை நீட்டினால் மதியம் மூன்று மணிக்கு ஆபீஸ் ஏசியில் தலை தானாகச் சாயும். சனி ஞாயிறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம், இல்லாவிட்டால் திங்கள் காலை பாடுதான்.

இனி இரவு வேலை. காலையில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களை எவ்வளவுக்கு எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நாளைக்கு என்ன டிபன், மதியத்துக்கு என்ன கட்டுவது, எந்தச் சட்டை, வண்டிச் சாவி எங்கே, எல்லாம் படுப்பதற்கு முன் முடிந்திருக்கட்டும். காய் நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில். தண்ணீர் கேன் காலியா என்று ஒரு பார்வை, ஏனென்றால் காலை ஏழு மணிக்குக் கேன் போடும் தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பதைப் போல நேரத்தைத் தின்பது வேறு கிடையாது. காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு லேசாக அழுத்தி மூடி வைத்துவிடுங்கள். இரவே வெந்நீர் ஊற்றி வைக்கலாம், ஆனால் பழைய டிகாக்‌ஷன் என்று முகம் சுளிப்பவர்கள் பல வீடுகளில் உண்டு, அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. எழுந்ததும் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போனால், முகம் கழுவி, பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சி முடிப்பதற்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். அடுப்பு முன்னால் நின்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. காலைப் பழக்கம் பற்றிய யோசனைகளில் பாதி, சமையலறையில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்ற நம்பிக்கையில் சொல்லப்படுபவை. அந்த வேறு யாரோ பெரும்பாலும் அம்மா அல்லது மனைவி. ஆகவே கணவர் வாக்கிங் போய் உற்சாகமாக வருவதற்கு முன்னால் மோட்டார் போடுவது, தொட்டி நிறைந்ததும் அணைப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, ஒரு குழந்தையைக் கிளப்புவது என்று பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘நானும் உதவுகிறேன்’ என்பது நடக்காது. மோட்டார் அப்பாவுடையது, பாட்டில் பையனுடையது என்று இருந்தால் நடக்கும்.

அப்புறம் போன். அலாரம் அதில்தான் இருக்கிறது என்ற சாக்கில் தலையணை அருகில் வைத்துக்கொண்டால், அலாரத்தை அணைத்த விரல் நேரே வாட்ஸ்அப்புக்குப் போகும், அங்கே பெரியப்பா அனுப்பிய ரோஜாப்பூ ‘குட் மார்னிங்’ இருக்கும், அதன் கீழே ஆபீஸ் குரூப்பில் இரவு பதினொன்றரைக்கு யாரோ கேட்ட ஒரு கேள்வி இருக்கும், அவ்வளவுதான், அன்றைய காலை உங்கள் கையை விட்டுப் போனது. போனை ஹாலில் சார்ஜில் போடுங்கள். அலாரம் அடித்தால் எழுந்து நடந்துபோய்த்தான் அணைக்க முடியும், ஸ்னூஸ் பிரச்சினையும் அதோடு தீரும். எழுந்த முதல் கால் மணி, அரை மணி மந்தமாக இருப்பது எல்லோருக்கும் இயல்பு, உடம்பு சரியில்லை என்று நினைத்துத் திரும்பப் படுக்காதீர்கள்.

அந்த மந்தம் போக வெளிச்சம் வேண்டும். மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ், வீட்டு டியூப்லைட் சில நூறு லக்ஸைத் தாண்டாது. சூரியன் ஏறிய கொஞ்ச நேரத்தில், மேகம் மூடியிருந்தாலும், வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நேற்று காயப்போட்ட துணியை எடுப்பதும் போதும், 10 நிமிடம். நடக்கிற பழக்கம் இருந்தால் சென்னையில் அதை ஏழு மணிக்குள் முடிப்பது புத்திசாலித்தனம். கடல்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும், அதுவரை வெயில் ஏறிக்கொண்டேதான் போகும், மே மாதக் கத்திரியில் எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடும். மெரினா, பெசன்ட் நகர், லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா எல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவைத்தது. வண்டி எடுத்து 20 நிமிடம் ஓட்டி நடக்கப் போவதற்குப் பதில் நம் தெருவையே நாலு சுற்றுச் சுற்றலாம், நாய்களோடு சமாதானமாக இருந்தால். ஐப்பசி, கார்த்திகை மழையில் அபார்ட்மென்ட் படிக்கட்டு.

மீதி அரை மணியில் ஒரே ஒரு கஷ்டமான வேலை. தள்ளிக்கொண்டே போகிற அறிக்கை, படிக்க வேண்டிய பாடம், போட வேண்டிய கணக்கு, எதுவானாலும் முந்தைய இரவே துண்டுச் சீட்டில் எழுதி மேஜை மேல் வைத்திருக்க வேண்டும். ‘ப்ராஜெக்ட் வேலை’ என்று எழுதினால் உட்கார்ந்து யோசிப்பதிலேயே நேரம் போகும். ‘மூன்றாம் பக்கத்து அட்டவணையை முடிக்கணும்’ என்று எழுதுங்கள். வீட்டில் இடமே கிடைக்காதா? தாம்பரத்தில் புறப்படும் பீச் ரயிலில் உட்கார இடம் பிடிப்பவர்களுக்கு அதுவே படிப்பறை. பைக்கில் போகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது, மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் பல சாலைகள் குறுகிக் கிடக்கின்றன, 20 நிமிடம் முன்னால் கிளம்பி ஆபீஸ் காலியாக இருக்கும்போதே அந்த வேலையைத் தொடுவது மேல்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இட்லி நல்லது, வெயில் காலத்தில் முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதும் சின்ன வெங்காயமும் அதைவிட நல்லது, நெய் மிதக்கும் வெண்பொங்கல் ஞாயிற்றுக்கிழமைக்கு. காபியை மட்டும் கவனியுங்கள், குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி டம்ளர் இரவு பத்து மணிக்கும் உள்ளே பாதி இருக்கிறது என்றால் மறுநாள் ஐந்தே முக்கால் அலாரம் ஏன் கசக்கிறது என்று புரியும்.

ஓஎம்ஆர் பக்கம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறவர்கள் இதே வரிசையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வரும் வழியில் கூலிங் கிளாஸ் போட்டு வெயிலைக் குறைத்து, ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை மாட்டிப் படுங்கள். எழுந்ததும் போனை எடுப்பதற்கு முன் பால்கனியில் பத்து நிமிடம். காலிங் பெல்லை அணைத்துவிட்டுப் படுப்பது நல்லது, கூரியர், காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வரும், சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தால் வாங்கி வைப்பார்கள்.