கண்ணை நம்பி ஓடும் நாய்க்கு மூக்கைப் பழக்குவது: சிப்பிப்பாறைக் குட்டிக்கு மோப்பத் தடம்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணை நம்பி ஓடுகிற இனங்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்முகம் எல்லாமே எதிரே ஓடுவதைத் துரத்திப் பிடிக்க அமைந்தவை. மூக்கும் நல்ல மூக்குதான். ஆனால் கண்ணுக்கு ஏதாவது அசைந்தால் போதும், மூக்கை மறந்துவிடும். தடம் என்பது தரையில் ஆட்டுத்தோலை இழுத்துப் போடும் வாசனைக் கோடு. மோந்தபடி அதன் வழியே போக இந்தக் குட்டிகளைப் பழக்குவதில் பாதி வேலை, தலையைத் தரைக்கு இறக்க வைப்பதுதான்.

தொடங்கும் முன் ஒன்று. முயல், கௌதாரி, உடும்பு, காட்டுப்பன்றி என எதையும் நாய்விட்டு வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் இங்கே சொல்வது தொலைந்த ஆட்டையும் ஆளையும் தேடுவதற்கான பழக்கம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடங்களிலும், கூந்தன்குளம் போல் பறவைகள் அடையும் குளங்களின் பக்கமும் நாயைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

எப்போது தொடங்கலாம்?

இரண்டு மாதக் குட்டியிடமே வீட்டுக்குள் விளையாட்டாகத் தொடங்கலாம். வேகவைத்த கோழி ஈரலைச் சின்னத் துண்டாக்கி, சாக்குக்கு அடியிலோ உரலுக்குப் பின்னாலோ வைத்து "தேடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்தான். வீட்டில் ஆளுக்கு ஒரு சொல் சொன்னால் குட்டி குழம்பும். வெளியே தடம் போடுவதை நாலு மாதத்துக்குப் பிறகு, பார்வோ, வெறிநாய்க்கடித் தடுப்பூசிகளை எல்லாம் கால்நடை மருத்துவரிடம் போட்டு முடித்த பின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது தாண்டும்வரை நீண்ட ஓட்டம் வேண்டாம். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

என்னென்ன வேண்டும்?

கறிக்கடையில் கேட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ஆட்டுத்தோல் தருவார்கள். பதனிடாத பச்சைத்தோலாக இருக்க வேண்டும். அதைக் கயிற்றில் கட்டி, பாலிதீன் பையில் சுற்றி, ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஹார்னஸ் என்று கடையில் விற்கிற மார்புப் பட்டை ஒன்று, பதினைந்தடிக் கயிறு ஒன்று. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டித் தடம் பழக்காதீர்கள். குனிந்து மோப்பம் பிடிக்கும்போதெல்லாம் கழுத்து இறுகினால், குனிவதே தப்பு என்று குட்டி நினைத்துக்கொள்ளும்.

காற்றைப் பார்த்துத் தடம் போடுவது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து மேலிருந்து விட்டுப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று. தடம் அதே பக்கமாகப் போக வேண்டும். அதாவது நாய் நடக்கும்போது காற்று அதன் முதுகில் பட வேண்டும். அப்போது தடத்தின் முடிவில் இருக்கும் ஈரலின் வாசனை அதற்கு எதிரே வராது. தரையில் மூக்கை வைத்தால்தான் வழி தெரியும்.

நான் வளர்த்த செவலைக் குட்டியிடம் இதைத் தவறவிட்டேன். பணகுடிப் பக்கம் ஒரு பனங்காடு, ஆடி மாதம். தினமும் கிழக்கிலிருந்து மேற்காக, காற்றுக்கு எதிரே தடம் போட்டேன். குட்டி தலையைத் தூக்கியபடி நேராக ஓடி ஈரலை எடுத்துவிடும். நன்றாகப் பழகிவிட்டது என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காற்று ஓய்ந்திருந்தது. தடம் தொடங்கும் இடத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்தது. அதுவரை ஒருநாள்கூட அது தடத்தைத் தொட்டதே இல்லை. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நம் தென்மாவட்டப் பக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வீசும் காற்று வரும். அப்போது மேற்கில் தொடங்கிக் கிழக்கே முடியுங்கள். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் வடக்குப் பக்கமிருந்து தொடங்குங்கள். காற்று மிகவும் பலமாக இருந்தால் குளக்கரை மறைவில் போடலாம்.

நேரம் விடிகாலை. பனி இறங்கிய ஈர மண்ணில் வாசனை நிற்கும், வெயிலேறிய தேரிச் செம்மணலில் சீக்கிரம் போய்விடும். அதோடு வெயிலில் நாய் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினால் மூக்கு சரியாக வேலை செய்யாது. ஏழு மணிக்கு மேல் நான் பழக்குவதில்லை.

முதல் தடம்

அறுப்பு முடிந்த வயல் நல்ல இடம். குட்டியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டுங்கள். நீங்கள் தோலை இழுத்துக்கொண்டு போவதை அது பார்த்தால், அப்புறம் பார்த்த இடத்துக்குத்தான் ஓடும். தொடங்கும் இடத்தில் தோலை நன்றாகத் தேய்த்துவிட்டு, நேர்கோட்டில் இருபது தப்படி இழுங்கள். தப்படிக்கு ஒரு துண்டு ஈரல். முடிவில் தோலையும் ஒரு கை ஈரலையும் வைத்துவிட்டு, சுற்றி வளைத்துத் திரும்பி வாருங்கள்.

உடனே குட்டியைக் கூட்டிவந்து, தேய்த்த இடத்தைக் காட்டி "தேடு" சொல்லுங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம். முடிவுக்கு வந்ததும் வாய்விட்டுப் பாராட்டுங்கள். ஒரு காலையில் இரண்டு தடம் போதும். சலித்துப்போகும் முன் நிறுத்திவிட வேண்டும்.

குட்டி மூக்கைத் தூக்காமல் போகப் பழகியதும் ஈரலைக் குறையுங்கள். ஐந்து தப்படிக்கு ஒன்று, பிறகு முடிவில் மட்டும். தூரத்தை ஐம்பது, நூறு தப்படியாகக் கூட்டலாம்.

திருப்பமும் பழைய தடமும்

அடுத்து ஒரே ஒரு திருப்பம். திரும்பும் இடத்தில் பனைமட்டை ஒன்றை நட்டு வையுங்கள், உங்களுக்காக. தடம் எங்கே போகிறது என்று வளர்ப்பவருக்கே மறந்துபோய், சரியாகப் போகிற நாயை இழுத்துத் தப்பான பக்கம் திருப்புவதை அடிக்கடி பார்க்கிறேன். திருப்பத்தில் குட்டி தாண்டிப் போகும், நிற்கும், வட்டமடிக்கும். அந்த நேரத்தில் அசையாமல் நில்லுங்கள். கையும் வாயும் உதவக் கூடாது. அதுவாகவே கண்டுபிடித்தால் வாலும் மூச்சின் சத்தமும் மாறும். அந்த மாற்றத்தை நீங்கள் படித்து வைத்துக்கொள்வது, நாய் படிப்பதைவிட முக்கியம்.

தடம் போட்டபின் கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று காத்திருந்து விடுவது அதற்கடுத்த படி. இந்தக் கட்டத்தில் உங்கள் காலடி வாசனையையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாய் தோலை விட்டு உங்களைத் தேடும். நாற்பதடிக் கயிற்றின் நடுவில் தோலைக் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விலகி நடந்தால் நடுத்தடத்தில் தோல் வாசனை மட்டும் இருக்கும்.

மயிலோ முயலோ குறுக்கே எழும்பினால் குட்டி பாயத்தான் செய்யும். அடிக்காதீர்கள். கயிற்றை இறுகப் பிடித்து நில்லுங்கள், அமைதியானதும் தடம் விட்ட இடத்துக்குக் கூட்டிவந்து மறுபடி "தேடு" சொல்லுங்கள். புதர் ஓரங்களில் சுருட்டை விரியன் இருக்கலாம். உடைமரத்தடியில் தடம் போடவே வேண்டாம், முள் ஏறினால் ஒரு வாரம் போய்விடும்.

ஆட்டைத் தேடும்போது

எட்டு, பத்து மாதத்தில் தோலுக்குப் பதிலாக ஒரு ஆட்டின் கழுத்துக் கயிற்றை மோக்கக் கொடுக்கலாம். அந்த ஆட்டை முன்பே ஒருவர் நடத்திக்கொண்டுபோய் மறைவில் கட்டியிருக்க வேண்டும். இங்கே கவனம் தேவை. ஆடு கண்ணில் பட்ட நொடியில் பழைய துரத்தல் புத்தி கிளம்பும். அதனால் கயிறு கையிலேயே இருக்க வேண்டும். ஆட்டுக்குப் பத்துத் தப்படி முன்னதாக நிறுத்தி, உட்காரவைத்து, ஈரலை அங்கேயே கொடுங்கள். ஆட்டைப் பார்த்ததும் அதுவாக உட்கார்ந்து உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள். என் செவலைக்கு அதற்கு ஐந்து மாதம் ஆனது.