ரஷ் மண்டிய சதுப்பு வயலைப் புல்வெளியாக்குவது எப்படி?

மேற்கு அயர்லாந்தில் லீட்ரிம், மாயோ பக்கம் போனால் வயலுக்கு வயல் ரஷ் மண்டிக் கிடக்கும். பார்க்க நம்மூர்க் கோரை போலவே இருக்கும். இலையே இல்லாத மாதிரி, ஊசி ஊசியான பச்சைத் தண்டுகள் கொத்துக் கொத்தாக நிற்கும். நடுவில் கால் வைத்தால் பூட்ஸ் சளக்கென்று இறங்கும். இதை மாடு மேயவும் சைலேஜ் வெட்டவும் ஏற்ற நிலமாக்குவது எப்படி என்று, இங்கே பால் பண்ணை வேலைக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். சைலேஜ் வேறொன்றுமில்லை, நம் ஊரில் ஊறுகாய்ப்புல் என்கிறோமே, அதேதான்.

முதலில் தண்ணீரை வடிப்பது, அப்புறம் சுண்ணாம்பு, கடைசியில்தான் விதை. இந்த வரிசை மாறக் கூடாது. எங்கள் பண்ணையில் ஒரு துண்டு நிலத்தில் அவசரப்பட்டு விதையை முதலில் போட்டோம். முதல் கோடையில் வயல் பச்சைப்பசேல் என்று கண்ணை நிறைத்தது. அடுத்த குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கிப் புல் அழுகியது. மூன்றாம் வருடம் பழையபடி ரஷ். விதைக் காசும் உழவுக் காசும் மண்ணோடு போயின.

1. எந்த நிலம் என்று பாருங்கள்

கனத்த களிமண் மேல் ரஷ் படர்ந்த பழைய வயல் வேறு, கறுப்புப் பஞ்சு போன்ற பீட், அதாவது ஈரத்தில் முழுதாக மக்காமல் சேர்ந்த செடிகொடிக் குப்பை, பல அடி ஆழம் கிடக்கும் அசல் சதுப்பு வேறு. முன்னதைத்தான் திருத்த வேண்டும். பின்னதைத் தொடாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. பீட்டில் தண்ணீரை வடித்தால் அது காற்றுப் பட்டு மக்கும், சுருங்கும், தரையே தாழ்ந்துகொண்டு போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறும். 1950களில் மாயோவின் க்ளெனமோயில் அரசே ஆராய்ச்சி நிலையம் வைத்து ஆழமான பீட்டில் புல் வளர்த்துப் பார்த்தது. புல் வந்தது, ஆனால் அந்த ஈரத்தில் மாட்டின் குளம்பையும் டிராக்டரையும் நிலம் தாங்குவது பெரும்பாடு. சட்டமும் இருக்கிறது. 0.1 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலத்தை வடிக்கத் திட்ட அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மண்வெட்டியை எடுக்கும் முன்பே உள்ளூர் கவுன்சிலிடமும் வேளாண் ஆலோசகரிடமும் கேட்டுவிடுங்கள்.

2. குழி தோண்டுங்கள்

பலரும் தாண்டிப்போகும் வேலை இது, ஆனால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வயலில் நாலைந்து இடங்களில் இயந்திரம் வைத்து 2 மீட்டருக்கு மேல் ஆழமாகச் சோதனைக் குழி எடுங்கள். குழிக்குள் இறங்காதீர்கள். பக்கச் சுவர் சரிந்தால் ஆளை மூடிவிடும். மேலே நின்று பொறுமையாகப் பாருங்கள். சுவரில் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து வழிகிறதா? அப்படியென்றால் அந்த ஆழத்தில் கல்லும் குழாயும் போட்டு வடிகால் அமைத்தால் போதும், நிலம் நன்றாகவே வடியும்.

எங்கும் கசிவே இல்லை, அடிவரை ஒரே இறுகிய களிமண் என்றால் ஆழக் குழாய் வெட்டிச் செலவு. மழைநீர் அங்கே கீழே இறங்கவே இறங்காது. அங்கே மோல் வடிகால்தான் வழி. குண்டு வடிவ இரும்பை டிராக்டரால் இழுத்து, ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்தில் மண்ணுக்குள்ளேயே எலி வளை போல ஒரு துளை போடுவது அது. 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒரு வரி. மேல்மண் உலர்ந்து வெடிக்கும் கோடையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

உங்கள் களிமண் மோலைத் தாங்குமா? அந்த ஆழத்து மண்ணைப் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டையாக்கி, பென்சிலால் நடுவே துளை போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் இராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துளை அப்படியே இருந்தால் தாங்கும். கரைந்து சேறாகிவிட்டால் துளைக்குள் சரளை நிரப்பும் முறைக்குப் போக வேண்டும்.

மோல் வரிகள் வந்து சேரும் கால்வாயில் குழாய் பதித்து, அதன் மேல் 10 முதல் 40 மில்லிமீட்டர் சுத்தமான கல்லை, தரைக்கு 25 சென்டிமீட்டர் கீழே வரும்வரை நிரப்புங்கள். கல்லில் மிச்சம் பிடித்தால் தண்ணீர் குழாய்க்கு வந்து சேராது.

3. சுண்ணாம்பு

மண் பரிசோதனை செய்யுங்கள். களிமண் வயலுக்கு அமில காரக் குறியீடு 6.3க்கு மேல் வேண்டும். மேலே பீட் கலந்த மண்ணுக்கு 5.5 போதும். ஒரே தடவையில் ஏக்கருக்கு 3 டன்னுக்கு மேல் போடாதீர்கள். கூடுதலாகத் தேவைப்பட்டால் இரண்டு வருடம் கழித்து மீதி. சுண்ணாம்பு தூவிய கையோடு சாணிக்கரைசல் விடக் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். கரைசலை முதலில் விட்டு, பத்து நாள் கழித்துச் சுண்ணாம்பு தூவுங்கள்.

4. விதைப்பு

பழைய புல்லைக் கிளைபோசேட் தெளித்துக் கொன்று, ஒரு வாரம் பத்து நாள் விட்டு மண்ணைக் கிளறுங்கள். ஆழ உழவு வேண்டாம், அடியில் கிடக்கும் வெறும் களிமண் மேலே வந்துவிடும். ஏக்கருக்கு 14 கிலோ விதை. பல்லாண்டு ரை புல்லில் அடர்ந்து படரும் டிப்ளாய்டு ரகங்கள் அதிகமாக இருக்கட்டும். ஈரம் தாங்கும் திமோத்தியும் கொஞ்சம் சேர்க்கலாம். விதை ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தூவிய பின் உருளை ஓட்டி அழுத்துங்கள். ஆகஸ்ட் கடைசிவரை விதைக்கலாம் என்பார்கள். ஈர வயலுக்கு மே மாதம்தான் என் தேர்வு. தாமதமானால் நிலம் குழைந்துபோய், மேய்க்கவும் முடியாது, களை மருந்தோடு வண்டியும் உள்ளே போகாது.

ரஷ் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறியதும் முளைக்கும். விதைத்து ஐந்தாறு வாரத்தில், அது நாற்றாக இருக்கும்போதே மருந்து கொடுங்கள். ஓடைக்கரையில் தெளிக்காதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது.

5. முதலில் மேய்ச்சல், பிறகுதான் வெட்டு

புல்லைக் கையால் பிடித்து இழுங்கள். வேரோடு வராமல் இலை மட்டும் அறுந்தால் மேய்க்கலாம். கன்றுகளையோ ஆடுகளையோ விடுங்கள். மேய்ந்தால்தான் தூர் கட்டும். முதல் வளர்ச்சியையே சைலேஜுக்கு விட்டால் அடியில் வெளிச்சம் இல்லாமல் வயல் சொட்டையாகும்.

அடுத்த வருடம் மே கடைசியில், கதிர் தலைகாட்டும்போது வெட்டுங்கள். ஒரு நாள் வாட விடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பிழியுங்கள். சாறு ஒழுகினால் இன்னும் ஈரம். கை நனைந்தும் சொட்டாமல் இருந்தால் உருளைக் கட்டாகக் கட்டி, ஆறு சுற்று பிளாஸ்டிக் சுற்றலாம். காற்று புகாமல் இருந்தால் புளித்துப் பதமாகும். காக்கை கொத்திய ஓட்டையை அன்றைக்கே ஒட்டுங்கள்.

அக்டோபரில் நல்ல மழை பெய்த மறுநாள் வேலியோரம் நடந்து, ஒவ்வொரு வடிகால் குழாயின் வாயையும் தேடிப் பாருங்கள். எங்கள் வயலில் ஒன்று புல்லும் சேறும் அடைத்து நின்றது. கைவிட்டுத் துழாவி எடுத்ததும் கலங்கல் தண்ணீர் ஒரு பாட்டம் கொட்டியது, அரைமணி நேரத்தில் தெளிந்து ஓட ஆரம்பித்தது.