ராத்திரி 2 மணிக்கு யார் தலைமை? மருத்துவமனை ஊழியர்களுக்கு அவசரகாலப் பயிற்சி

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ 40, 50 படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறீர்கள். "டிசாஸ்டர் பிளான் எங்கே?" என்று கேட்டால் எம்.எஸ். (மருத்துவக் கண்காணிப்பாளர்) அறை பீரோவிலிருந்து ஒரு தடித்த ஃபைல் வரும். பீரோ சாவி ராத்திரியில் எம்.எஸ். வீட்டில் இருக்கும். அந்த ஃபைலை எப்படி எழுதுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. நைட் டியூட்டியில் இருக்கும் ஏழெட்டுப் பேர் முதல் அரை மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது, அதற்கு அவர்களை எப்படிப் பழக்குவது என்பதுதான் விஷயம்.

நம் பகுதிக்கு இது ஏன் அவசரம் என்பதற்கு 2023 டிசம்பர் ஒன்றே போதும். 4ஆம் தேதி வாக்கில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகம் வரை பரவிய எண்ணெய். 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று.

படி 1: நாற்காலியை முடிவு செய்யுங்கள்

1970இல் கலிஃபோர்னியாவில் பெரிய காட்டுத்தீ. பல துறைகளின் தீயணைப்பு வீரர்கள் ஒன்றாக வந்தும் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் குழப்பம்; ரேடியோவில்கூட ஒருவர் பேசுவது மற்றவருக்கு எட்டவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் இன்சிடென்ட் கமாண்ட் முறை. 1991 வாக்கில் அதே மாநிலத்தில் மருத்துவமனைகளுக்கென்று ஒரு வடிவம் வந்தது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் இந்தியாவுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

சாரம் எளிது. மேலே ஒரு கமாண்டர். கீழே நான்கு வேலை: நோயாளிகளைக் கவனிப்பது ஆபரேஷன்ஸ், அடுத்து என்ன வரும் என்று கணக்குப் போடுவது பிளானிங், ஆக்சிஜன், தண்ணீர், ஆள், சாப்பாடு சேர்ப்பது லாஜிஸ்டிக்ஸ், செலவைக் குறித்து வைப்பது ஃபைனான்ஸ். (இந்திய வடிவத்தில் ஃபைனான்ஸ் லாஜிஸ்டிக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும்.) ஒருவர் தன் கீழ் ஐந்து பேருக்கு மேல் நேரடியாக மேய்க்க வேண்டாம், அதிகபட்சம் ஏழு.

ராத்திரி 2 மணிக்கு இத்தனை பேருக்கு எங்கே போவது? போக வேண்டாம். நாற்காலிகள் ஐந்து, ஆட்கள் மூன்று என்றாலும் முறை நடக்கும். ஒருவரே இரண்டு நாற்காலியில் உட்காரலாம். ஆனால் கமாண்டர் நாற்காலி மட்டும் காலியாக இருக்கக் கூடாது. அதில் இருப்பவர் நோயாளியைத் தொடக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான இடங்களில் தப்பு நடக்கிறது. டியூட்டி டாக்டரைக் கமாண்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டர் டீசலைப் பற்றி அவரிடம் யார் கேட்பது? என் யோசனை: ராத்திரியில் நைட் சூப்பர்வைசர் சிஸ்டர்தான் கமாண்டர். எம்.எஸ். வந்து, நிலவரம் கேட்டு, "இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லும் வரை அவர் பேச்சுதான் கடைசி. டாக்டருக்கு இது கொஞ்சம் உறுத்தும். எழுத்தில் எம்.எஸ். கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் உறுத்தல் குறையும்.

படி 2: பாக்கெட் அட்டை

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் அட்டை. ஆள் பெயர் வேண்டாம், பொறுப்பின் பெயர் போதும். தமிழில், பெரிய எழுத்தில், முதல் 30 நிமிடத்துக்கு மட்டும். கமாண்டர் அட்டை இப்படி இருக்கலாம்:

- மஞ்சள் ஓவர்கோட்டைப் போடு. ரிசப்ஷன் மேசையில் நில். அங்கிருந்து நகராதே.
- 108, 101 ஆகியவற்றை யார் கூப்பிட வேண்டும் என்று ஒருவரைக் கை காட்டிச் சொல்.
- எம்.எஸ்.ஸுக்குப் போன்.
- செக்யூரிட்டியிடம் சொல்: ஒரு கேட் மட்டும் திறந்திருக்கட்டும்.
- நோட்டில் நேரம் போட்டு எழுத ஒருவரை உட்கார வை.

"கை காட்டிச் சொல்" என்பதற்குக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் யு.பி.எஸ். அறையில் புகை வந்தது. நாலு பேர் தனித்தனியாகத் தீயணைப்புக்குப் போன் செய்தார்கள், எம்.எஸ்.ஸுக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த வார்டின் ஆக்சிஜன் வால்வை மூடலாமா என்று கேட்க ஆளில்லை. வால்வுப் பெட்டியின் சாவி பூட்டிய டிராயரில். அதற்கு மூன்று மாதம் முன்புதான் மாக் டிரில் நடத்தியிருந்தோம். புதன்கிழமை காலை 11 மணி, எல்லாத் துறைத் தலைவர்களும், சமோசா, குரூப் போட்டோ.

கட்டளை வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்லவும் பழக்குங்கள். "ரமணிக்கா, ரெண்டு டிராலி கேட்டுக்கு." "ரெண்டு டிராலி, கேட்டுக்கு, போறேன் சிஸ்டர்." அவ்வளவுதான்.

படி 3: வண்ணம் பிரிப்பது

ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் பயிற்சிக்கு ஒரு மதியம் போதும். சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டியவர், மஞ்சள் கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சை லேசான பாதிப்பு, கறுப்பு காப்பாற்ற முடியாதவர். பெரியவர்களுக்கு ஸ்டார்ட் (START) என்ற முறை. நடக்க முடிந்தவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சைப் பாருங்கள்: மூச்சில்லை, மூச்சு வழியைச் சரிசெய்தும் வரவில்லை என்றால் கறுப்பு, சரிசெய்ததும் வந்தால் சிவப்பு. நிமிடத்துக்கு 30க்கு மேல் என்றாலும் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது "கையைப் பிடிங்க" என்றால் பிடிக்கத் தெரியவில்லை, அதுவும் சிவப்பு. மிச்சமெல்லாம் மஞ்சள். ஓர் ஆளுக்கு அரை நிமிடம். அட்டை அச்சடிக்கப் பணம் இல்லையென்றால் துணிக்கடை ரிப்பன் வாங்கிக் கையில் கட்டுங்கள்.

வாயு விபத்தில் மட்டும் ஜாக்கிரதை. நடந்து வந்தவர் அரை மணி கழித்துத் தொண்டை வீங்கி மூச்சுக்குத் தவிக்கலாம். குரல் கரகரப்பானவரைப் பச்சையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பத் திரும்பப் பாருங்கள்.

படி 4: மேசை மேல் ஒரு அமோனியா ராத்திரி

வெள்ளைத் தாளில் உங்கள் கட்டடத்தையும் தெருவையும் வரையுங்கள். புளியங்கொட்டைகளை நோயாளிகளாக வைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள், ஆயா, செக்யூரிட்டி எல்லோரும் சுற்றி உட்காரட்டும். பயிற்சி தருபவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி சொல்ல வேண்டும்: "எர்ணாவூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், கண் எரிகிறது." "கரென்ட் போச்சு." "டி.வி. கேமரா கேட்டில் நிற்கிறது." ஒவ்வொன்றுக்கும் யார் எழுந்து என்ன செய்வார் என்று அவர்களே சொல்லட்டும். கேட்கவேண்டிய கேள்விகள் சில:

உள்ளே விடுவதற்கு முன் எங்கே கழுவுவீர்கள்? நனைந்த துணியோடு ஏ.சி. போட்ட காஷுவாலிட்டிக்குள் விட்டால் அடுத்து இருமப்போவது நம் சிஸ்டர்கள்தான். என்-95 மாஸ்க் தூசிக்கு, அமோனியாவைத் தடுக்காது. எனவே காற்று வரும் பக்கமாக, வெளியே, துணியை மாற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணைக் குறைந்தது 15 நிமிடம். காற்றுத் திசைக்கு மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு ரிப்பன் போதும். மறைப்புக்குக் கொடியும் நாலு பெட்ஷீட்டும் தயாராக இருக்கட்டும். திரை இல்லாமல் எந்த அம்மாவும் தெருவில் புடவையை அவிழ்க்க மாட்டார்.

சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மோட்டார் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா? கரென்ட் போனால் கழுவத் தண்ணீர் எங்கிருந்து?

ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும்? சின்ன பி-டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம், அதுவும் முழுசாக நிரம்பியிருந்தால். ஆறு பேருக்கு ஆறு சிலிண்டர். ஸ்டோரில் எத்தனை இருக்கிறது என்று இப்போதே போய் எண்ணச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி பலர் கேட்க மறப்பது. டியூட்டியில் இருக்கும் ஆயா வீடு அதே எர்ணாவூரில். பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள். அவர் கை வேலையில் நிற்குமா? அலாரம் அடித்த பத்து நிமிடத்துக்குள் ஆளுக்கு ஒரு போன் வீட்டுக்கு என்று அட்டையிலேயே போட்டுவிடுங்கள். மேசைப் பயிற்சியில் இதைச் சொன்ன பிறகுதான் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படி 5: நிஜமாக ஒருமுறை

ஞாயிறு ராத்திரி, கூட்டம் குறைந்த நேரம். எம்.எஸ்.ஸுக்கும் காஷுவாலிட்டி டாக்டருக்கும் மட்டும் முன்பே தெரிந்தால் போதும். நோயாளிகள் பயப்படாமல் இருக்க வார்டு வாசலில் ஒருவர் நின்று "பயிற்சிதான்" என்று சொல்லட்டும். நிஜ எமர்ஜென்சி வந்தால் நிறுத்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

முடிந்த உடனே, டீ வருவதற்குள், பேசுங்கள். யார் தப்பு என்று கேட்காதீர்கள். எது கையில் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். மூன்று கட்டம் போட்ட தாள்: என்ன குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். எங்கள் போன தாளில் மூன்றே வரி. வால்வு சாவிக்கு ஒரு நகல், நர்சிங் ஸ்டேஷன் ஆணியில், ஒரு வாரம். சம்ப் மோட்டாருக்கு ஜெனரேட்டர் லைன், மெயின்டனன்ஸ், 15 நாள். மஞ்சள் ஓவர்கோட் சலவைக்குப் போயிருந்தது. இன்னொன்று வாங்க வேண்டும், ஸ்டோர், நாளைக்கே.