விக்கெட் விழுந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது? பந்துவீசும் தம்பிகளுக்கு

பெங்களூர் அல்சூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிட் பையை ஸ்கூட்டரில் இடுக்கிக்கொண்டு சர்ஜாபூர் ரோடு கிரவுண்டுக்குக் கிளம்பும் ஆள் நான். நாற்பது தாண்டிவிட்டது, அதனால் இப்போது பந்து போடுவதைவிட பதினேழு பதினெட்டு வயசுப் பையன்களைக் கட்டி மேய்ப்பதுதான் வேலை. அவுட்டான பேட்ஸ்மேன் மேல் பாய்ந்து கத்தாதே என்றால், "அண்ணா, இந்தியாவுக்கு ஆடும் சிராஜ் கத்தலையா?" என்று கேட்பார்கள். கத்தினார், காசும் கட்டினார். 2024 டிசம்பரில் அடிலெய்டில் அவுட்டான டிராவிஸ் ஹெட்டைக் கை காட்டி வழியனுப்பியதற்கு அந்த ஆட்டத்தின் சம்பளத்தில் 20 சதவீதம், 2025 ஜூலையில் லார்ட்ஸில் பென் டக்கெட் முகத்துக்கு நேராகப் போனதற்கு 15 சதவீதம், இரண்டு தடவையும் அவருக்குத் தலா ஒரு தகுதியிழப்புப் புள்ளி. 24 மாதத்துக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் ஆட்டத் தடை. தென்னாப்பிரிக்க பவுலர் ரபாடாவுக்கு 2017-ல் அப்படித்தான் ஆனது: ஏற்கெனவே மூன்று புள்ளி இருந்தது, லார்ட்ஸில் ஸ்டோக்ஸை அவுட் ஆக்கிவிட்டு ஒரு வார்த்தை விட்டார், அடுத்த டெஸ்டுக்கு வெளியே உட்கார்ந்தார்.

நம் லீக்கில் சம்பளம் இல்லை, ரன்தான் போகும். போன சீசனில் எங்கள் பையன் ஒருவன் இரண்டு ஃபோர் வாங்கிய கோபத்தில் அடுத்த பந்தில் நடு ஸ்டம்பைப் பிடுங்கிவிட்டு, பேட்ஸ்மேனின் ஹெல்மெட் கம்பிக்கு ஒரு சாண் தூரம் வரை ஓடிப்போய் பெவிலியன் பக்கம் கையைக் காட்டினான். அம்பயர் கேப்டனைக் கூப்பிட்டு எச்சரிக்கை கொடுத்தார். 2017 அக்டோபரில் வந்த, கிரிக்கெட்டின் 42-ஆவது விதிப்படி அது அந்தப் பையனுக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை, ஆட்டம் முடியும் வரை பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான், இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. எட்டு ஓவர் கழித்து எல்பிடபிள்யூ அவுட் கொடுக்கவில்லை என்று கீப்பர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், எதிரணிக்கு 5 ரன். தோற்றது 3 ரன்னில். திரும்பி வரும்போது கீப்பரிடம் யாரும் பேசவில்லை, பாவம்.

அதற்கப்புறம் நெட்ஸிலேயே இதைப் பழக்குகிறேன். பந்து ஸ்டம்பில் பட்டதும் ஓடி வந்த வேகம் உன்னைத் தானாக பேட்ஸ்மேன் பக்கம்தான் இழுக்கும், அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுப்பதெல்லாம் நடக்காது. அதனால் முன்னாடியே வழியை வைத்துக்கொள்: விக்கெட் என்றால் மிட்-ஆஃப் பக்கம், அதாவது உனக்குப் பக்கவாட்டில் நிற்கும் நம் ஃபீல்டர் பக்கம், திரும்பு. எவ்வளவு வேண்டுமானாலும் கத்து, தொண்டை கிழியக் கத்து, முகம் உன் ஆட்களைப் பார்த்து இருக்கட்டும். மிட்-ஆஃபில் நிற்பவன் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும், அவன்தான் பிரேக். ஆறு பந்து போட்டால் ஆறு தடவையும் திரும்பிப் பழகு, ஸ்டம்பில் படாவிட்டாலும். முதல் வாரம் சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

தோளால் இடிக்கவே கூடாது. வேண்டுமென்று இடித்தால் எச்சரிக்கையே கிடையாது, நேராக 5 ரன். கை நீட்டினால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே.

அப்புறம் வாய். தமிழில் திட்டினால் அம்பயருக்குப் புரியாது என்று நினைக்கிறவன் வேறு ஊரில் ஆடலாம், இது பெங்களூர். கன்னடத்தில் ஸ்கோர் கேட்டு, இந்தியில் சைட் ஸ்கிரீனை நகர்த்தச் சொல்லி, நீ முணுமுணுத்த தமிழ் வார்த்தைக்கு "அம்மாவை ஏம்ப்பா இழுக்கிற?" என்று தமிழிலேயே திருப்பிக் கேட்ட அம்பயரை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் கேட்பதென்றால் கேப்டன் மட்டும் போகட்டும். கேப்டன் செய்ய வேண்டிய இன்னொன்று, கொதிக்கிற பையனை ஓவர் முடிந்ததும் தூரத்தில் எல்லைக்கோட்டோரம் ஃபைன் லெக்குக்கு அனுப்பிவிடுவது.

அடி வாங்கும்போது என்ன செய்வது என்று கேட்டால் நம்ம ஊர் சின்னசாமி மைதானத்தில் 1996 உலகக் கோப்பை காலிறுதியைச் சொல்வேன். பாகிஸ்தானின் ஆமிர் சோஹைல் ஃபோர் அடித்துவிட்டு பேட்டை நீட்டி எல்லைக்கோட்டைக் காட்டினார், நம்ம வெங்கடேஷ் பிரசாத்தின் அடுத்த பந்தையும் அதே பக்கம் அடிக்கப் போய் ஆஃப் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். கோபம் சோஹைலின் ஷாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது, பிரசாத் ஸ்டம்புக்குப் போட்டார், அவ்வளவுதான். (ஸ்டம்பு விழுந்ததும் பிரசாத் வழியனுப்பியதற்கு இன்றைய விதியில் அபராதம் விழுந்திருக்கும். அதைப் பையன்களிடம் நான் சொல்வதில்லை.)

ஜெயித்தாலும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரலில் அதே சின்னசாமியில் ஐபிஎல் ஆட்டத்தில் கடைசிப் பந்தில் லக்னோ ஜெயித்தது, அந்த அணியின் ஆவேஷ் கான் சந்தோஷத்தில் ஹெல்மெட்டைத் தரையில் வீசி கண்டனம் வாங்கிக்கொண்டார்.

பேட்டிங்கில் எவனாவது காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தால் பதில் சொல்லாதே, அவனைப் பார்க்காமல் அம்பயரிடம் எத்தனை பந்து பாக்கி என்று கேள், கிளவுஸைக் கழற்றி மாட்டு, ஸ்டான்ஸ் எடு.